கேட்காத பேக்கேஜ்கள் கூடவே வராமல் தடுப்பது எப்படி? டெபியன், உபுண்டு, மின்ட் பயனர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு செயலி வேண்டும் என்று கட்டளை கொடுக்கிறீர்கள். டெர்மினல் அதோடு வேறு பேக்கேஜ்களின் (மென்பொருள் தொகுப்புகளின்) ஒரு பெரிய பெயர்ப்பட்டியலை அடுக்கிக் காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. பெரும்பாலானோர் அந்தப் பட்டியலைப் படிப்பதே இல்லை, நேராக என்டர்தான். புதிய கணினி, நல்ல ஃபைபர் இணைப்பு என்றால் அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் லினக்ஸ் ஏறும் கணினிகள் பலவும் புதியவை அல்ல. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப், கல்லூரி லேபில் சின்ன ஹார்டு டிஸ்க் கணினிகள், இப்படித்தான் நிலைமை. டவுன்லோடு பல இடங்களில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நடக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போல ஒரு புயல் வந்து கேபிள் அறுந்துபோனால், கையில் மிஞ்சுவது அன்றைய மொபைல் டேட்டா மட்டும்தான். அப்போது ஒவ்வொரு பேக்கேஜும் கணக்கில் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் பேக்கேஜ்களை அணைப்பதற்கு ஒரு வரி போதும். அணைத்தபின் எதெல்லாம் வேலை செய்யாமல் போகும், எதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் பாடு இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு விடுவதால்தான், 'லினக்ஸில் பென்டிரைவே தெரியல' என்று ஆட்கள் வெறுத்துப்போய் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டாவது விஷயத்துக்கு இடம் அதிகம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாகத் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் காட்டியபடியே. பேக்கேஜ் பெயரின் எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால், முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை இரண்டு முறை அழுத்துங்கள், பொருந்தும் பெயர்கள் வரும்.

எது எதை இழுக்கிறது?

டெபியன் குடும்பத்தில் ஒரு பேக்கேஜ் இன்னொன்றை மூன்று விதமாகக் கேட்கலாம்.

டிபெண்ட்ஸ் என்றால் கட்டாயம். அது இல்லாமல் இது நிறுவப்படவே முடியாது.

ரெக்கமெண்ட்ஸ் என்றால் பலமான பரிந்துரை. டெபியனின் கொள்கை நூல் இதற்குத் தெளிவான வரையறை வைத்திருக்கிறது: அபூர்வமான அமைப்புகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்தப் பேக்கேஜோடு சேர்ந்தே இருக்கக்கூடியவை மட்டும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். அதாவது, பேக்கேஜைப் பராமரிப்பவர் 'சாதாரணமாகப் பயன்படுத்துபவருக்கு இது தேவைப்படும்' என்று யோசித்து எழுதிய பட்டியல் அது. விளம்பரத்துக்காகச் சேர்த்தது கிடையாது.

சஜஸ்ட்ஸ் என்றால் வெறும் யோசனை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கட்டளையான ஏப்ட் இதைத் திரையில் காட்டும், ஆனால் தானாக நிறுவாது.

ஆக, கேட்காமல் வந்து இறங்குபவை பெரும்பாலும் நடுவில் உள்ள ரெக்கமெண்ட்ஸ் வகைதான். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. உபுண்டுவில் 2008 அக்டோபரில் வந்த 8.10 பதிப்பிலிருந்தும், டெபியனில் 2009-இல் வந்த லென்னி பதிப்பிலிருந்தும்தான் ஏப்ட் பரிந்துரைகளையும் சேர்த்தே நிறுவுவது வழக்கமானது. மின்ட், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவையும் இதே குடும்பம் என்பதால், கீழே உள்ளவை அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் ஒத்திகை

எதையும் மாற்றும் முன் என்ன நடக்கப்போகிறது என்று பாருங்கள். இதற்கு சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) கூட வேண்டாம். ஆஃபிஸ் தொகுப்பான லிப்ரேஆஃபிஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்:

ஏப்ட் இன்ஸ்டால் -எஸ் லிப்ரேஆஃபிஸ்

நடுவில் இருக்கும் கோடு எஸ், இது ஒத்திகை மட்டும் என்று ஏப்டுக்குச் சொல்கிறது. எதுவும் இறங்காது, எதுவும் மாறாது. வரும் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதையும் தட்டிப் பாருங்கள்:

ஏப்ட் இன்ஸ்டால் -எஸ் --நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் லிப்ரேஆஃபிஸ்

இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி. இரண்டாவதில் ஒரு புதிய தலைப்பு வந்திருப்பதையும் கவனியுங்கள். 'பரிந்துரைக்கப்படுபவை' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பின் கீழ், இப்போது நிறுவப்படாமல் விடப்படும் பெயர்கள் இருக்கும். அந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எதை இழக்கிறீர்கள் என்ற கணக்கு முழுதும் அங்கேதான் இருக்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் ஏப்டின் 3-ஆம் பதிப்பு இருக்கிறது. அதில் பட்டியல் நிறத்தோடும் வரிசையாகவும் வருவதால் படிப்பது இன்னும் சுலபம்.

ஒரு பேக்கேஜ் ஏன் வந்தது என்று தெரியவில்லையா? ஆப்டிடியூட் என்ற கருவி அதற்கு நேரடியாகப் பதில் சொல்லும்:

ஆப்டிடியூட் ஒய் அவாஹி-டீமன்

எந்தப் பேக்கேஜ் எதை இழுத்தது, கட்டாயமாகவா பரிந்துரையாகவா என்று சங்கிலி போலக் காட்டிவிடும். இன்று பல சிஸ்டங்களில் இது தானாக இருப்பதில்லை, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஒரு பேக்கேஜைத் திட்டும் முன்னால் இந்தக் கட்டளையை ஓட்டிவிடுவது நல்ல பழக்கம். பல சமயம் 'யார் கூப்பிட்டது இதை?' என்ற கேள்விக்கு, நாம் தெரிந்தே கேட்ட ஒரு பேக்கேஜ்தான் பதிலாக வரும்.

ஒரு முறைக்கு மட்டும் அணைக்க

புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சிஸ்டத்தின் பொது அமைப்பைத் தொடாமல், தேவைப்படும்போது மட்டும்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் --நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் பேக்கேஜ்-பெயர்

இன்னொரு தந்திரம் பலருக்குத் தெரிவதில்லை. பரிந்துரைகள் எல்லாம் வரட்டும், ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம் என்றால், அதன் பெயரின் கடைசியில் ஒரு கழித்தல் குறி ஒட்டுங்கள்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் கப்ஸ் அவாஹி-டீமன்-

பிரிண்டர் சேவையான கப்ஸ் வரும், அவாஹி வராது. யூஎஸ்பி கேபிளில் மாட்டிய பிரிண்டருக்கு இது போதும். வைஃபை பிரிண்டர் என்றால் அவாஹியை விட்டுவிடாதீர்கள், நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடிப்பது அதுதான். ஒரு எச்சரிக்கை: கழித்தல் குறி போட்ட பேக்கேஜ் ஏற்கெனவே கணினியில் இருந்தால், ஏப்ட் அதை நீக்கிவிடும்.

பேக்கேஜைத் தேர்ந்தெடுக்கும்போதே சிறியதைக் கேட்பது இதைவிட நல்ல வழி. கடிதம் மட்டும் அடிக்கும் கணினிக்கு லிப்ரேஆஃபிஸ் முழுதும் எதற்கு? லிப்ரேஆஃபிஸ்-ரைட்டர் என்று கேளுங்கள், கணக்கும் போட வேண்டும் என்றால் லிப்ரேஆஃபிஸ்-கால்க். க்னோம் என்பதற்குப் பதில் க்னோம்-கோர், கேடிஇ-ஃபுல் என்பதற்குப் பதில் கேடிஇ-பிளாஸ்மா-டெஸ்க்டாப். இவற்றில் பலவும் மெட்டா பேக்கேஜ்கள், அதாவது தனக்கென்று எந்த நிரலும் இல்லாமல் மற்றவற்றை இழுத்து வருவதற்கென்றே இருப்பவை. பெரிய மெட்டா பேக்கேஜைக் கேட்டுவிட்டு அதிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருப்பதைவிடச் சிறியதில் தொடங்குவது நிம்மதி.

நிரந்தரமாக அணைக்க

சரி, எல்லா நேரத்துக்கும் அணைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஏப்டின் அமைப்புகள் ஒரு ஃபோல்டரில் சின்னச் சின்ன ஃபைல்களாக இருக்கும். அங்கே நம் பங்குக்கு ஒன்றை நானோ எடிட்டரில் எழுதுவோம்:

சூடோ நானோ /ஈடிசி/ஏப்ட்/ஏப்ட்.கான்ஃப்.டி/99நோரெக்கமெண்ட்ஸ்

அதற்குள் இரண்டு வரி:

ஏப்ட்::இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் "ஃபால்ஸ்";
ஏப்ட்::இன்ஸ்டால்-சஜஸ்ட்ஸ் "ஃபால்ஸ்";

இங்கே ஏப்ட் என்ற மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. இன்ஸ்டால், ரெக்கமெண்ட்ஸ், சஜஸ்ட்ஸ் ஆகியவற்றில் முதல் எழுத்து மட்டும் பெரியது. ஃபால்ஸ் மேற்கோள் குறிக்குள் சிறிய எழுத்தில். நடுவில் இரட்டைப்புள்ளி இரண்டு முறை, வரி முடிவில் அரைப்புள்ளி. அரைப்புள்ளி விட்டுப்போனால் அடுத்து எந்த ஏப்ட் கட்டளை கொடுத்தாலும் பிழைச்செய்தி வரும், பயப்பட வேண்டாம், அதைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

ஃபைல் பெயர் உங்கள் விருப்பம்தான், ஆனால் அதற்கு ஒரு விதி இருக்கிறது. எழுத்து, எண், ஹைஃபன், அடிக்கோடு இவற்றில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் புள்ளி வைத்து நீட்டிப்பு கொடுத்தால் அது கான்ஃப் என்றுதான் இருக்க வேண்டும். எடிட்டர் தானாக டிஎக்ஸ்டி என்று ஒட்டிச் சேமித்துவிட்டால், ஏப்ட் அந்த ஃபைலை ஒதுக்கிவிடும். முன்னால் உள்ள 99 எதற்கென்றால், ஃபைல்கள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன, பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றும்.

அமைப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க:

ஏப்ட்-கான்ஃபிக் டம்ப் | கிரெப் ரெக்கமெண்ட்ஸ்

கிரெப்புக்குப் பின்னால் வரும் சொல்லின் முதல் எழுத்தைப் பெரியதாகத் தட்டுங்கள். இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் எதிரே நீங்கள் எழுதிய ஃபால்ஸ் தெரிந்தால் வேலை முடிந்தது. இனி ஏதாவது ஒரு பேக்கேஜுக்கு மட்டும் பரிந்துரைகள் வேண்டும் என்றால், கட்டளையில் --இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் என்று சேருங்கள், அந்த ஒரு தடவைக்கு மட்டும் பழையபடி நடக்கும்.

பேக்கேஜ்களை மவுஸாலேயே நிறுவ உதவும் சினாப்டிக் செயலியைப் பயன்படுத்துபவர்கள் டெர்மினல் பக்கமே போக வேண்டாம். அதன் விருப்பத்தேர்வுகளில், பரிந்துரைகளைக் கட்டாயமாகக் கருது என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள்.

அணைத்தபின் எதெல்லாம் காணாமல் போகும்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

பழைய மடிக்கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போடலாம் என்று டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ4 பேக்கேஜைப் பரிந்துரை இல்லாமல் நிறுவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவல் பிழையில்லாமல் முடியும். கணினியை மறுபடி துவக்கினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும், டெஸ்க்டாப் வராது. ஏனென்றால் திரையில் படம் வரைகிற எக்ஸ்ஆர்க் அந்தப் பேக்கேஜுக்குக் கட்டாயம் கிடையாது, பரிந்துரைதான். லாகின் திரையையும் தனியாகக் கேட்க வேண்டும். அதனால் சேர்த்தே கொடுங்கள்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4 எக்ஸ்ஆர்க் லைட்டிடிஎம்

டெஸ்க்டாப் வந்துவிட்டது. அடுத்து பென்டிரைவ். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதிய ஃபைலோடு ஒருவர் பென்டிரைவை நீட்டுகிறார். மாட்டினால் பென்டிரைவின் விளக்கு எரிகிறது, ஆனால் துனார் ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் எதுவும் தோன்றவில்லை. டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று தட்டினால் பென்டிரைவ் அங்கே எஸ்டிபி1 என்றோ வேறு பெயரிலோ ஒழுங்காகத் தெரியும். ஆக லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதைப் பார்த்துவிட்டது, ஃபைல் மேனேஜருக்குத்தான் தகவல் போகவில்லை. நடுவில் அந்த வேலையைச் செய்யும் ஜிவிஎஃப்எஸ் பரிந்துரைப் பட்டியலில் இருந்ததால் வரவில்லை. குப்பைத்தொட்டி வேலை செய்யாததற்கும் இதே காரணம்தான். மாட்டியதும் தானாகத் திறக்க துனார்-வால்மேன் வேண்டும். மூன்றையும் சேருங்கள்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஜிவிஎஃப்எஸ் யூடிஸ்க்ஸ்2 துனார்-வால்மேன்

அதே கடையில் அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. வாடிக்கையாளர் கொண்டுவந்த வேர்டு ஃபைலைத் திறந்தால், ஒரு பக்கத்தில் அடங்கியிருந்த பயோடேட்டா ஒன்றேகால் பக்கமாக நீள்கிறது, கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. வேர்டில் பல ஆண்டுகளாக இயல்பாக இருந்தது காலிப்ரி எழுத்துரு. அது லினக்ஸில் கிடையாது. அதே அகலத்தில் அமைக்கப்பட்ட கார்லிட்டோ அதற்கு மாற்று, கேம்ப்ரியாவுக்குக் கேலடியா. எழுத்தின் வடிவம் கொஞ்சம் மாறினாலும், அகலம் ஒன்றாக இருப்பதால் வரியும் பக்கமும் இடம் மாறாது. லிப்ரேஆஃபிஸ் மெட்டா பேக்கேஜின் பரிந்துரைப் பட்டியலில் இவை இருக்கின்றன. பட்டியலை அணைத்தால் இவையும் போய்விடும். பார்ப்பவர் 'லிப்ரேஆஃபிஸ் ஃபைலைக் கெடுத்துவிட்டது' என்பார். அதன்மேல் தப்பே இல்லை. எழுத்துரு பேக்கேஜ்கள் பொதுவாகச் சிறியவை, இவற்றைச் சேமிப்பதால் எந்த லாபமும் கிடையாது:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-கிராஸ்எக்ஸ்ட்ரா-கார்லிட்டோ ஃபான்ட்ஸ்-கிராஸ்எக்ஸ்ட்ரா-கேலடியா ஃபான்ட்ஸ்-லிபரேஷன்

அப்புறம் தமிழ். திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லை என்று பொருள். லோஹித் தமிழ் ஒன்று போதும். தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையில் தட்ட ஐபஸ்-எம்17என் பேக்கேஜ். இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐபஸ் நிறுவிவிட்டீர்கள், மெனுவில் தமிழ்99 தெரிகிறது, ஆனால் சில செயலிகளில் தட்டினால் ஆங்கிலமே விழுகிறது என்றால், ஐபஸ்-ஜிடிகே3 போன்ற இணைப்புப் பேக்கேஜ்கள் வராமல் போயிருக்கலாம். தமிழ் தட்டச்சு சம்பந்தப்பட்டதை மட்டும் நான் எப்போதும் --இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் கொடுத்துதான் நிறுவச் சொல்வேன். அங்கே மிச்சம் பிடிக்கும் சில எம்பி, தட்டச்சு வராமல் தவிக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடிதங்களோடு புழங்கும் குடும்பங்களும் அலுவலகங்களும் உண்டு. அவர்கள் ஹன்ஸ்பெல்-எஃப்ஆர் அகராதியையும் பெயர் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

சர்வர் பக்கம் வந்தால் அடிக்கடி மாட்டிக்கொள்வது சிஏ-சர்டிஃபிகேட்ஸ். பாதுகாப்பான இணைய முகவரிகளின் சான்றிதழை எதை வைத்துச் சரிபார்ப்பது என்ற பட்டியல் இதில் இருக்கிறது. இணையத்திலிருந்து ஃபைல்களை இறக்கப் பயன்படும் டபிள்யூகெட், கர்ல், கிட் மூன்றுமே இதைப் பரிந்துரையாகத்தான் கேட்கின்றன. டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) படிமம் செய்யும்போது பரிந்துரைகளை அணைப்பது வழக்கம், செய்யவும் வேண்டும். ஆனால் உடனே டவுன்லோடு வரி சான்றிதழ் பிழையோடு நிற்கும். சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடும் வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஆபத்து. சிஏ-சர்டிஃபிகேட்ஸ் என்ற பெயரை நிறுவும் வரியில் சேர்த்தால் முடிந்தது.

டெபியனின் கெர்னல் பேக்கேஜ் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பையும் பரிந்துரையாகவே கேட்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்து நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

கட்டாயமாக வருவதை என்ன செய்வது?

பரிந்துரையை அணைத்தும் ஒரு பேக்கேஜ் வந்து நிற்கிறது என்றால் அது டிபெண்ட்ஸ் வகை. அங்கேயும் சில சமயம் வழி உண்டு. கல்லூரி மாணவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் உதாரணம், வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பி. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஏப்ட் இன்ஸ்டால் பிஎச்பி என்று கொடுத்தால், அப்பாச்சி சர்வரும் சேர்ந்து வந்துவிடும். இரண்டும் 80-ஆம் போர்ட்டுக்குப் போட்டி போடும், ஒன்று துவங்காது. --நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் கொடுத்தாலும் இது நிற்காது.

காரணம், பிஎச்பி பேக்கேஜின் கட்டாயப் பட்டியலில் 'இது அல்லது அது அல்லது மற்றது' என்று மாற்றுகள் இருக்கின்றன. பிஎச்பியை ஓட்டும் மூன்று வழிகளான அப்பாச்சிக்கான மாட்யூல், எஃப்பிஎம், சிஜிஐ இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நீங்கள் எதையும் சொல்லாவிட்டால் ஏப்ட் முதலில் உள்ளதை எடுத்துக்கொள்ளும், முதலில் இருப்பது அப்பாச்சி மாட்யூல். நாமே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் பிஎச்பி-எஃப்பிஎம் பிஎச்பி

இது மற்ற இடங்களிலும் உதவும். டெபியனில் திடீரென்று எக்ஸிம்4 என்ற மெயில் சர்வர் வருகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. ஏட் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது), எம்டிஏடிஎம் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்துவது) போன்றவை ஏதாவது ஒரு மெயில் சர்வரைப் பரிந்துரைக்கின்றன, டெபியனில் இயல்பானது எக்ஸிம்4. ஏப்ட் ஷோ என்று தட்டிப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் அதன் பட்டியல்கள் வரும், நடுவில் நேர்கோடு போட்டுப் பிரித்திருப்பவை இந்த மாற்றுகள்.

மாற்றே இல்லாத கட்டாயத்தையும் ஏமாற்ற, ஈக்விவ்ஸ் என்ற கருவியால் வெறும் பெயருள்ள போலிப் பேக்கேஜ் செய்ய முடியும். அடுத்த அப்டேட்டில் எது உடையும் என்று சொல்ல முடியாது என்பதால் அன்றாடக் கணினியில் அதைச் செய்ய வேண்டாம்.

ஒரு பேக்கேஜ் எப்போதும் வரவே கூடாது என்றால்

இதற்குப் பின்னிங் (ஊசி குத்தி நிறுத்துவது போல) என்று பெயர். உபுண்டுவில் பலர் தடுக்க நினைப்பது ஸ்நாப்டி, அதாவது ஸ்நாப் என்ற தனி வகைப் பேக்கேஜ்களை நிறுவி நடத்தும் சேவை. லினக்ஸ் மின்ட் 2020-இல் வந்த தன் 20-ஆம் பதிப்பிலிருந்து இதே முறையில்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. /ஈடிசி/ஏப்ட்/பிரிஃபரன்சஸ்.டி/ ஃபோல்டரில் நோஸ்நாப்.பிரெஃப் என்று ஒரு ஃபைல், அதில் மூன்று வரி:

பேக்கேஜ்: ஸ்நாப்டி
பின்: ரிலீஸ் ஏ=*
பின்-பிரயாரிட்டி: -10

இடப்பக்கச் சொற்களில் முதல் எழுத்து பெரியது, பின்-பிரயாரிட்டியில் இரண்டு சொல்லுக்கும் அப்படியே. முன்னுரிமை எண் கழித்தலில் இருந்தால் ஏப்ட் அந்தப் பேக்கேஜை நிறுவத் தகுந்ததாகவே எடுத்துக்கொள்ளாது. ஏப்ட் பாலிசி ஸ்நாப்டி என்று தட்டினால், கேண்டிடேட் எதிரே எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும்.

செய்யும் முன் ஒரு விஷயம். உபுண்டு 22.04 முதல் அதன் களஞ்சியத்தில் (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) உள்ள ஃபயர்ஃபாக்ஸ், ஸ்நாப்பை நிறுவும் ஒரு வழிகாட்டிப் பேக்கேஜ் மட்டுமே. குரோமியம் அதற்கும் முன்னால், 19.10-இலேயே அப்படி ஆகிவிட்டது. ஸ்நாப்டியைத் தடுத்தால் இவையும் நிறுவ முடியாது. ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லாவே ஏப்ட் களஞ்சியம் நடத்துகிறது, அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஸ்நாப் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியிருந்தால், நீக்கும் முன் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஏப்ட்-மார்க் ஹோல்டு என்ற கட்டளையையும் சிலர் இதற்குச் சொல்வார்கள். இருக்கும் பதிப்பு அப்படியே நிற்கட்டும் என்பதற்கு அது பொருத்தம். வராமலே தடுக்கப் பின்னிங்தான் சரி.

ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பவை

நீங்கள் இன்று செய்த மாற்றம் நாளை வரப்போகிறவற்றுக்கு மட்டும்தான். தேவையற்றுப் போனவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தாலும் பழையவை போகாது. ஏனென்றால் ஏதாவது ஒரு பேக்கேஜ் பரிந்துரைத்தாலோ, வெறுமனே யோசனை சொல்லியிருந்தாலோ கூட, ஆட்டோரிமூவ் அதைத் தேவையானது என்று விட்டுவைக்கும். அந்தத் தயவை இந்த ஒரு தடவை எடுத்துவிட்டு ஒத்திகை பார்க்கலாம்:

ஏப்ட் ஆட்டோரிமூவ் -எஸ் -ஓ ஏப்ட்::ஆட்டோரிமூவ்::ரெக்கமெண்ட்ஸ்இம்பார்ட்டன்ட்=ஃபால்ஸ் -ஓ ஏப்ட்::ஆட்டோரிமூவ்::சஜஸ்ட்ஸ்இம்பார்ட்டன்ட்=ஃபால்ஸ்

இங்கே ஆட்டோ, ரிமூவ், ரெக்கமெண்ட்ஸ், சஜஸ்ட்ஸ், இம்பார்ட்டன்ட் ஒவ்வொன்றின் முதல் எழுத்தும் பெரியது, முதலில் தனியாக வரும் கட்டளைச் சொல் மட்டும் சிறிய எழுத்தில். வரும் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். மேலே சொன்ன ஜிவிஎஃப்எஸ், எழுத்துருக்கள், ஐபஸ் இணைப்புகள், சிஏ-சர்டிஃபிகேட்ஸ் எல்லாம் அதில் நிற்கும் வாய்ப்பு அதிகம். வேண்டியதை இப்படிக் காப்பாற்றுங்கள்:

சூடோ ஏப்ட்-மார்க் மேனுவல் ஜிவிஎஃப்எஸ் ஃபான்ட்ஸ்-கிராஸ்எக்ஸ்ட்ரா-கார்லிட்டோ

மறுபடி ஒத்திகை பாருங்கள். பட்டியல் உங்களுக்குப் பிடித்தபடி சுருங்கியபின்தான் -எஸ் இல்லாமல், சூடோவோடு ஓட்ட வேண்டும். நேர்மாறாக, போக வேண்டிய ஒன்று பட்டியலில் வரவில்லை என்றால், ஏப்ட்-மார்க் ஷோமேனுவல் பாருங்கள். அது நீங்களே கேட்டு நிறுவியது என்று பதிவாகியிருக்கும். மெட்டா பேக்கேஜ் வழியாக வந்தவை இப்படிப் பதிவாவது சகஜம். ஏப்ட்-மார்க் ஆட்டோ கொடுத்தால் அந்தப் பதிவு மாறும்.

புதிதாக நிறுவும்போதே

டெபியன் நெட்இன்ஸ்ட் (தேவையானதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சிறிய நிறுவி) நிறுவலில், கடைசிக் கட்டத்தில் மென்பொருள் தேர்வுத் திரை வரும். ஸ்பேஸ் விசையால் டெஸ்க்டாப் டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் விட்டால், டெர்மினல் மட்டும் உள்ள சின்ன சிஸ்டம் கிடைக்கும். அதன்மேல் மேலே சொன்னபடி எக்ஸ்எஃப்சிஇயைக் கட்டிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினிக்கு இதுவே என் தேர்வு. நிறுவியின் துவக்க வரியில் ரெக்கமெண்ட்ஸ்=ஃபால்ஸ் என்று சேர்த்தால் நிறுவலின்போதும் அதன்பிறகும் பரிந்துரைகள் அணைந்தே இருக்கும், ஆனால் சர்வருக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு டெஸ்க்டாப் 23.10 முதல் இயல்பான தேர்வே சிறியதுதான். விரிவான தேர்வைத் தொடாமல் விட்டால் போதும்.

ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச்

ஃபெடோராவில் /ஈடிசி/டிஎன்எஃப்/டிஎன்எஃப்.கான்ஃப் ஃபைலில், மெயின் பகுதியின் கீழ் இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ்=ஃபால்ஸ் என்று ஒரு வரி. ஒரு முறைக்கு மட்டும் என்றால் கட்டளையிலேயே --செட்ஆப்ட்=இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ்=ஃபால்ஸ். வரவே கூடாத பேக்கேஜ்களை அதே ஃபைலில் எக்ஸ்க்ளூட்பிகேஜிஎஸ்= என்ற வரியில் எழுதலாம். ஓப்பன்சூசேயில் சிப்பர் கட்டளைக்கு --நோ-ரெக்கமெண்ட்ஸ், நிரந்தரமாக என்றால் /ஈடிசி/சிப்/சிப்.கான்ஃப் ஃபைலில் சால்வர்.ஒன்லிரிக்வயர்ஸ் = ட்ரூ, இதில் ரிக்வயர்ஸின் முதல் எழுத்து பெரியது. ஒரு பேக்கேஜைப் பூட்ட சிப்பர் ஆட்லாக்.

ஆர்ச்சில் இந்த வேலையே இல்லை. பேக்மேன் விருப்பப் பேக்கேஜ்களைத் தானாக நிறுவுவதில்லை, பெயரையும் அது எதற்கு என்ற ஒரு வரி விளக்கத்தையும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆனால் குழுவாக நிறுவும்போது எண் பட்டியல் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். அங்கே என்டர் தட்டினால் எல்லாமே வரும். வேண்டாத எண்ணுக்கு முன்னால் ^ குறியைப் போட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நிறுவும்.

சந்தேகம் வந்தால் நேரில் கேட்க நம் பக்கம் ஆட்கள் உண்டு. புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. போகும்போது மடிக்கணினியோடு, ஒத்திகைக் கட்டளை காட்டிய பட்டியலையும் ஒரு ஃபைலில் சேமித்து எடுத்துப் போங்கள். கட்டளையின் கடைசியில் > பட்டியல் என்பது போல ஒரு பெயர் கொடுத்தால் அது ஃபைலாகிவிடும். அதைப் பார்த்தால் எங்கே சிக்கல் என்று அவர்களால் சீக்கிரம் சொல்ல முடியும்.